செங்கப்பள்ளியிலிருந்து சிட்னிக்கு: சிங்கப்பூர் வழியா, பெங்களூரு வழியா?

என் தங்கை சிட்னியின் மேற்குப் புறநகரான டூங்காபியில் குடியிருக்கிறாள். அவளுக்கு இது முதல் பிரசவம். அம்மாவும் அப்பாவும் மூன்று மாதம் அவளோடு இருந்துவிட்டு வருவதென்று முடிவானதும் விசா, காப்பீடு, மாத்திரைச் சீட்டு என்று ஒவ்வொரு வேலையும் அதனதன் போக்கில் முடிந்தது. எந்த வழியாக அனுப்புவது என்ற கேள்வி மட்டும் வீட்டில் இரண்டு வாரம் தீராமல் கிடந்தது. திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளிக்காரர்களான எங்களுக்கு அந்தக் கேள்வி, கோவை–சேலம் நெடுஞ்சாலையைத் தொடும் செங்கப்பள்ளிப் பிரிவிலேயே தொடங்கிவிடுகிறது. வண்டியை மேற்கே திருப்பினால் அவிநாசி தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கோவை விமான நிலையம். கிழக்கே திருப்பினால் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் கடந்து பெங்களூரு. கோவையில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். பெங்களூருவில் ஏறினால், ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் 2022 செப்டம்பரில் தொடங்கிய விமானம் இடையில் எங்கும் நிற்காமல் சிட்னியில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

அப்பாவுக்கு 73 வயது, அம்மாவுக்கு 68. இருவரும் இதுவரை வெளிநாடு போனதில்லை. "நடுவுல எறங்கி ஏறோணுமா கண்ணு?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த பயத்தைப் பார்த்து, நானும் முதலில் பெங்களூருதான் சரி என்று நினைத்தேன். நேர் விமானம் இருக்கும்போது வயதானவர்களைச் சுற்றி அனுப்புவானேன் என்பது யாருக்கும் தோன்றும் நியாயம்தான். தூரங்களை உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் எது நேர், எது சுற்று என்பதே எனக்கு விளங்கியது.

மகனுடைய பள்ளி உலக உருண்டையை மேசைமேல் வைத்து, பனியன் துணி பின்னுகிற நூல் சுற்றிய கோனிலிருந்து ஒரு முழம் வெள்ளை நூலை இழுத்து, ஒரு நுனியைக் கோவை இருக்கும் இடத்திலும் மறு நுனியைச் சிட்னியிலும் அழுத்திப் பிடித்து, தொய்வில்லாமல் இழுத்துப் பார்த்தேன். தட்டையான வரைபடத்தில் போடும் கோடு ஏமாற்றிவிடும். உருண்டையின் மேல் இழுபட்டு நிற்கும் நூல்தான் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம். அந்த நூல் கோவையிலிருந்து தென்கிழக்காக இறங்கி, இலங்கையின் அனுராதபுரம் பக்கமாகக் கடந்து, சுமத்ரா தீவைத் தன் இடப்புறம் விட்டுவிட்டு, இந்தியப் பெருங்கடலில் நெடுந்தூரம் போய், ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் ஏறி, அந்தக் கண்டத்தைக் குறுக்காக அறுத்துக்கொண்டு சிட்னியைத் தொட்டது. கணக்கில் அது ஏறத்தாழ 9,270 கி.மீ. சிங்கப்பூர் அந்த நூலிலிருந்து விரற்கடை அளவுதான் தள்ளியிருந்தது. கோவையிலிருந்து சிங்கப்பூர் 3,165 கி.மீ., சிங்கப்பூரிலிருந்து சிட்னி 6,295 கி.மீ., இரண்டையும் கூட்டினால் 9,460. சிங்கப்பூரில் இறங்கி ஏறுவதால் கூடுகிற தூரம் வெறும் 190 கி.மீ.; ஊத்துக்குளியிலிருந்து சேலம் போய் வருகிற தூரம்தான்.

பெங்களூருவிலிருந்து சிட்னி 9,355 கி.மீ. கோவை தெற்கே தள்ளியிருப்பதால், சிட்னிக்கு நாம்தான் பெங்களூருவை விட 85 கி.மீ. கிட்டத்தில் இருக்கிறோம். இதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. நூலைத் தன் கையால் இழுத்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். அதாவது, பெங்களூரு போவதென்றால் முதலில் தரைவழியாக வடக்கே 350 கி.மீ. பயணம் செய்து, பிறகு அங்கிருந்து சற்றுக் கூடுதலான தூரத்தை வானில் கடக்கிறோம். இவை எல்லாம் நூல் காட்டும் தூரங்கள். உண்மையில் விமானம் காற்று, வான்வழி அனுமதி, புயல் மேகம் இவற்றைப் பார்த்துச் சற்று விலகித்தான் பறக்கும் என்றாலும், வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இந்த எண்களே போதும்.

ஆனால் வயதானவர்களின் உடம்புக்குத் தூரத்தை விட நேரம்தான் கணக்கு. பெரிய விமானம் மணிக்கு 870 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும், புறப்பட ஓடுபாதை வரை ஊர்ந்து போவதற்கும், ஏறி இறங்குவதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் பெங்களூரு–சிட்னி சுமார் பதினொன்றரை மணி நேரம். கோவை–சிங்கப்பூர் நாலேகால் மணி முதல் நாலரை மணி வரை. சிங்கப்பூர்–சிட்னி ஏழே முக்கால் மணி முதல் எட்டு மணி வரை. வானில் இருக்கும் நேரம் மட்டும் என்று பார்த்தால் சிங்கப்பூர் வழி ஒரு மணி நேரம்போலக் கூடுதல், சிங்கப்பூரில் காத்திருக்கும் நேரம் தனி. இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டால் பெங்களூருதான் ஜெயிக்கும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வீட்டு வாசலிலிருந்து தங்கை வீட்டு வாசல் வரை கணக்கிட வேண்டும். செங்கப்பள்ளியிலிருந்து பெங்களூரு போகும் சாலை நல்ல சாலைதான். ஆனால் விஜயமங்கலம், வைகுந்தம், ஓமலூர், பாளையம், கிருஷ்ணகிரி என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும். தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி பழுதாகி நின்றால் அன்றைய திட்டம் அத்தோடு போயிற்று. ஓசூர் தாண்டிய பிறகும் பயணம் முடிவதில்லை. பெங்களூரு விமான நிலையம் இருப்பது நகரத்தின் வடக்கே தேவனஹள்ளியில். நாம் நுழைவதோ தெற்கே. இடையில் முழு நகரத்தையும் குறுக்கே கடக்க வேண்டும், அல்லது சுற்றுச்சாலையில் கிழக்காகச் சுற்ற வேண்டும். ஏழு மணி நேரம் என்று சொல்லிப் புறப்பட்டாலும், சாப்பாடு, ஓய்வு, நெரிசல் இவற்றுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்காமல் பெற்றோரை அழைத்துக்கொண்டு போக எனக்குத் துணிவில்லை. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், வானில் பதினொன்றரை மணி நேரம், சிட்னியில் குடிநுழைவுச் (இமிக்ரேஷன்) சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து டூங்காபிக்கு ஒரு மணி நேரம். எல்லாம் சேர்ந்தால் இருபத்தைந்தரை மணி நேரம். இதில் எட்டரை மணி நேரம் காருக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பது. மூட்டு தேய்ந்த அப்பாவுக்கு விமானத்தைவிட அதுதான் பெரிய வேதனை.

கோவை வழியில் வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம், முதல் விமானம் நாலரை மணி, சிங்கப்பூரில் மூன்று மணி, இரண்டாவது விமானம் எட்டு மணி, சிட்னியில் இறங்கிய பின் இரண்டரை மணி. இருபத்திரண்டு மணி நேரம். மூன்றரை மணி நேர மிச்சம் என்பதை விட, எந்த இடத்திலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கையில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, கால் வீங்கும். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் கட்டும் அபாயம் இருப்பதாக மருத்துவரே எச்சரித்திருந்தார். சிங்கப்பூரில் இறங்கி நடக்கிற மூன்று மணி நேரத்தை வீண் நேரமாகப் பார்க்காமல், அவருக்கான மருந்தாகவே நான் பார்த்தேன்.

பெங்களூருவுக்குக் காரில்தான் போக வேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கிய கோவை–பெங்களூரு கன்டோன்மென்ட் வந்தே பாரத் ரயில் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நிற்கிறது. ஆறு மணி நேரத்தில் பெங்களூருவில் இறங்கிவிடலாம், கழிவறை வசதியோடு, கால் நீட்டி நடக்க இடத்தோடு. காரை விட நூறு மடங்கு மேல். ஆனால் வாரத்தில் ஒரு நாள் அது ஓடாது. சிட்னி விமானம் எல்லா நாளும் இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டும் ஒத்து வரும் நாளாகப் பார்க்க வேண்டும். நான் பார்த்த அட்டவணையில் சிட்னி விமானம் மாலையில் புறப்பட்டது. ரயில் பிற்பகலில் சேர்ந்து, நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்கு 35 கி.மீ. நகர நெரிசலில் போய்ச் சேர வேண்டும். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலே நெஞ்சு படபடக்கும். முந்தின நாளே போய்த் தங்கினால் படபடப்பு இல்லை. ஆனால் அதற்கு ஒரு நாளும் விடுதி வாடகையும் போகும்.

கோவையிலிருந்து பெங்களூருவுக்கு விமானத்திலேயே போய், அங்கிருந்து நேர் விமானம் பிடிப்பதும் உண்டு. வானில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதில் மொத்த நேரம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். சிங்கப்பூர் வழிக்கு ஏறத்தாழச் சமம். ஆனால் அப்போது இதிலும் நடுவில் இறங்கி ஏறத்தானே வேண்டியிருக்கிறது? அதுவும் உள்நாட்டு விமானம் முதல் முனையத்தில் இறக்கினால், பெட்டியை எடுத்துக்கொண்டு பன்னாட்டு விமானங்களுக்கான இரண்டாம் முனையத்துக்கு மாற வேண்டும். குடிநுழைவுச் சோதனையும் அங்கேதான். சிங்கப்பூரில் பெட்டியைத் தொடாமல், ஒரே கட்டடத் தொகுதிக்குள் வாயில் மாறுவதை விட இது சிரமம். அம்மாவின் பயத்துக்கு மருந்தாக நினைத்த நேர் விமானம், அதே பயத்தைப் பெங்களூருவில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். எந்த வழியாகப் போனாலும் முதல் விமானமும் இரண்டாவது விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தமாக நான் வெளிநாடு போனபோது, கொஞ்சம் பணம் மிச்சமாகிறது என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தேன். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானது. அடுத்த நிறுவனத்தின் கவுன்டரை நான் எட்டியபோது மூடிவிட்டார்கள். முதல் நிறுவனம் "உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்ததோடு எங்கள் வேலை முடிந்தது" என்றது. இரண்டாவது நிறுவனம் "நேரத்துக்கு வராதது உங்கள் தவறு" என்றது. அன்றைக்குப் புதிதாக எடுத்த டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம், மிச்சம் பிடித்ததாக நினைத்ததைப்போலப் பல மடங்கு. நாற்பது வயதில் எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த நிலையில் என் பெற்றோரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரே டிக்கெட் என்றால் தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்று அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும். பெட்டிக்கும் கோவையிலேயே சிட்னி வரை சீட்டு ஒட்டிவிடுவார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் சிங்கப்பூரில் குடிநுழைவு தாண்டி வெளியே வந்து பெட்டி எடுக்க வேண்டிவரும். அப்போது சிங்கப்பூர் விசாவைப் பற்றிய கேள்வியும் கூடவே எழும்.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் பறக்கிறது. அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம், குறைந்த கட்டண வகை. பெட்டியின் எடையும் சாப்பாடும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். வாங்காமல் விட்டுவிட்டுக் கவுன்டரில் போய் நின்றால் கூடுதலாகக் கேட்பார்கள். வெளியில் தெரியும் கட்டணத்தை மட்டும் வைத்து, சாப்பாடும் பெட்டியும் சேர்ந்த நேர் விமானக் கட்டணத்தோடு ஒப்பிடுவது தவறான ஒப்பீடு. இரண்டு பேருக்கும் பெட்டி, சைவச் சாப்பாடு, கால் நீட்ட வசதியான இருக்கை எல்லாம் சேர்த்த பிறகே நான் எண்களை அருகருகே எழுதினேன். அப்போது இடைவெளி நான் எதிர்பார்த்ததை விடச் சுருங்கிவிட்டது. அத்துடன் பெங்களூரு வரை வாடகைக் காரும் சுங்கக் கட்டணமும் சேர்ந்தால் சிங்கப்பூர் வழியே சிக்கனம்.

கொச்சியையும் பார்த்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக, குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு சாலை எவ்வளவோ தேவலை. ஆனால் ஊத்துக்குளியிலிருந்து கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி 210 கி.மீ.க்கு மேல். கிழக்கே போக வேண்டியவர்கள் நாலரை மணி நேரம் மேற்கே போய் விமானம் ஏறுகிறோம். அங்கிருந்தும் சிங்கப்பூர் 3,200 கி.மீ., கோவையை விடக் கூடுதல். பொள்ளாச்சிக்காரர்களுக்கு வேண்டுமானால் கொச்சியைப் பற்றி யோசிக்கலாம். கோலாலம்பூர் வழியாகப் போக நினைப்பவர்களுக்கும் கொச்சி உதவும்.

வளைகுடா வழியைச் சொல்லக் காரணம், கோவையிலிருந்து அபுதாபிக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து சிட்னிக்கும் இருக்கிறது, இணையத்தில் தேடினால் அந்த இணைப்பும் விலை மலிவாக வந்து நிற்கும் என்பதுதான். மேற்கே 2,795 கி.மீ. போய், பிறகு வந்த வழியே திரும்பி 12,060 கி.மீ. போக வேண்டும். மொத்தம் 14,855. நூல் காட்டிய தூரத்தை விட 5,500 கி.மீ.க்கு மேல் வீண். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கோ போகிறவர்களுக்கு வளைகுடா நல்ல வழி. சிட்னிக்கு அது வழியே இல்லை.

நான் சொல்வது செங்கப்பள்ளிக் கணக்கு. அது கொங்கு நாடு முழுவதற்கும் பொருந்தாது. கரூர், அரவக்குறிச்சி பக்கம் இருப்பவர்களுக்குத் திருச்சி விமான நிலையம்தான் கிட்டம். அங்கிருந்து சிங்கப்பூர் 2,980 கி.மீ., விமானங்களும் கோவையை விட அதிகம். 2024இல் திறந்த புதிய முனையம் வயதானவர்களுக்கு வசதியாகவும் இருக்கிறது. நாமக்கல்காரர்கள் திருச்சியையும் கோவையையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும். தருமபுரியிலும் ஓசூரிலும் இருப்பவர்களுக்கு என் வாதம் முழுவதும் தலைகீழாகிவிடும். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பெங்களூரு நேர் விமானத்தில் ஏறலாம். சேலம்தான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அங்கிருந்து தேவனஹள்ளி நாலரை, ஐந்து மணி நேரம், கோவை விமான நிலையம் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டு மணி நேர வித்தியாசத்துக்காகச் சிங்கப்பூரில் மாற வேண்டுமா என்பதைப் பயணம் செய்கிறவரின் உடல்நிலைதான் சொல்ல வேண்டும். கோவை நகரத்துக்குள்ளும் மேட்டுப்பாளையம் பக்கமும் இருப்பவர்களுக்கு, 2025 அக்டோபரில் திறந்த 10.1 கி.மீ. நீள ஜி.டி. நாயுடு மேம்பாலம் அவிநாசி சாலை நெரிசலைத் தாண்டிவிட உதவுகிறது.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். சிட்னி நம்மை விட நாலரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை, அங்கே கோடைக்கால நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் ஐந்தரை மணி நேரம். சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 மணி வரை விமானங்களுக்கு ஊரடங்கு உண்டு. 1995இல் அதற்கெனத் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதனால் நள்ளிரவில் இறங்கித் தங்கையை அலைக்கழிக்கும் நிலை வராது. பெங்களூருவில் மாலை 6.30 மணிக்கு ஏறினால், சிட்னியில் கோடைக்கால நேரம் நடக்கும்போது அங்கே காலை 11.30 மணிவாக்கில் இறங்கலாம். ஆனால் நம் உடம்புக்கு அப்போது காலை ஆறு மணிதான், அதற்குப் பிறகு முழுப் பகலையும் தூங்காமல் ஓட்ட வேண்டும். கோவையில் இரவு 11 மணிக்கு ஏறி, சிங்கப்பூரில் காலையில் விமானம் மாறினால், சிட்னியில் இரவு எட்டு மணிவாக்கில் இறங்கலாம். மகள் வீட்டில் ஒரு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிடலாம். நேர மாற்றத்தால் வரும் களைப்புக்கு இரவில் இறங்குவது நல்லது என்பது, அடிக்கடி போய்வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னது.

இறங்கிய பின் ஆகும் நேரத்தில் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு பங்கு வகிக்கிறது. உணவுப்பொருள், விதை, செடிகொடி எதுவானாலும் ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது கொடுக்கும் பயணி அட்டையில் அறிவிக்க வேண்டும். மறைத்தால் அபராதம் கடுமையானது. ஊத்துக்குளி நெய்யையும் கொள்ளையும் ஆசையாகக் கட்டிவைத்த அம்மாவிடம், பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் கட்டாயமாக விட்டுவிடச் சொல்லி, மற்றதை ஒரே பையில் போட்டு, பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி மேலே வைத்தேன். அறிவித்தவர்களுக்கான வரிசையில் நிற்க ஒரு அரை மணி நேரம் கூடுதலாக ஆகலாம் என்று தங்கையிடமும் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் கேள்விக்குப் பதிலாக, டிக்கெட் எடுக்கும்போதே இருவருக்கும் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்தேன். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் அது என்று பலர் கூச்சப்படுகிறார்கள். மூட்டு வலியோடு பெரிய நிலையத்தில் வாயில் தேடி அலைய முடியாதவருக்கும் அது உரிய உதவிதான். விமானக் கதவிலிருந்து அடுத்த விமானக் கதவு வரை ஒருவர் கூடவே வருவார். சிங்கப்பூரில் ஒன்றரை மணி நேர இடைவெளியும் கிடைத்தது, மூன்று மணி நேர இடைவெளியும் கிடைத்தது. நான் மூன்றையே எடுத்தேன்.

கடைசியில் என் தயக்கத்தை முழுதாகத் தீர்த்தது திரும்பும் பயணம். மேற்கு நோக்கி வரும்போது எதிர்க்காற்றினால் பறக்கும் நேரம் சற்றுக் கூடும். பெங்களூரு விமானம் சாயங்காலம் அங்கே இறங்கினால், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்தவர்களை அந்த இரவிலேயே காரில் ஏற்றி, தொப்பூரை நள்ளிரவில் கடந்து, விடியற்காலையில் ஊர் சேர்க்க வேண்டும்; ஓட்டுநருக்கும் தூக்கம் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம் கோவையில் இரவு இறங்குகிறது. பெட்டி எடுத்து வெளியே வந்தால், கருமத்தம்பட்டி, அவிநாசி, செங்கப்பள்ளி. வீட்டுத் திண்ணையில் விளக்கைப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு நானே போய் அழைத்து வந்துவிடலாம்.